தோற்றவர்கள் வீட்டுக்குப் போகட்டும்

கோப்பை முதலில் வந்துவிட்டது. போட்டியை எப்படி நடத்துவது என்பதுதான் முடிவாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. துவைத்த துணியை வெளியே கொடியில் போடலாமா, கூடத்து நாற்காலிகளிலேயே விரித்துவிடலாமா என்று வானத்தைப் பார்த்தபடி அவள் நின்றிருந்தாள். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கழன்று விழும் சத்தம் கேட்டது. ஒன்று தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரருடையது. மற்றது மாடியில் குடியிருக்கும் மூத்தாருடையது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் சேர்ந்து வந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. தனித்தனியாக வந்தால் ஏதாவது வேலையாக வருவார்கள். சேர்ந்து வந்தால் சண்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று அர்த்தம்.

ஜெராக்ஸ் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அவள் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள். பழக்கத்தில் கண் முதலில் பெட்டியின் ஓரத்துக்குத்தான் போனது. கம்பிப் பின் சரியாக இறங்கவில்லை, பசை பிதுங்கியிருந்தது. எவனோ அவசரத்தில் செய்த வேலை. அதற்குள்ளிருந்து அவர் கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். அடித்தகட்டில் அவளுடைய கணவனின் பெயர் பொறித்திருந்தது.

அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவன் நெட்டு. ஆறடிக்கு மேல் நெடுநெடுவென்று வளர்ந்ததால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவன் போடுகிற சர்வீஸ் பத்தில் ஆறு நெட்டில் போய் விழும், அதனால் வந்த பெயர் என்று கூட ஆடியவர்கள் சொல்வார்கள். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சாரத்திலிருந்து இறங்கி, நெஞ்சு என்னவோ பண்ணுது என்று சுவரோரமாக உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவன் நினைவாக அவனுடைய வாலிபால் கிளப் ஒரு போட்டி நடத்துகிறது.

"விஷயம் சின்னதுதான் தங்கச்சி," என்று ஜெராக்ஸ் ஆரம்பித்தார். கிளப்புக்கு அவர்தான் செயலாளர். "ஒன்பது டீம் பேர் குடுத்திருக்கு. ஒரே கிரவுண்டு. அதையும் ரெண்டு நாளைக்குத்தான் குடுத்திருக்காங்க. நாக்-அவுட் வைக்கிறதுதான் முறை. ஜெயிச்சவன் மேல போறான், தோத்தவன் வீட்டுக்குப் போறான். அத்தோட முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னு சுளுவா சொல்லாத," என்றார் மூத்தார். "என் தம்பி பேர்ல நடக்குது. விடியக்காலையில எழுந்து ரெண்டு பஸ் மாறி வர்றவனை, முக்கா மணி நேரத்துல நீ போடான்னு அனுப்புறதா? லீக் வை. எல்லாரும் எல்லார்கூடவும் ஆடட்டும். அவன் இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பான்."

"அவன் இருந்தா நீங்க இந்தப் பேச்சே பேசியிருக்க மாட்டீங்க."

"நான் பேசறதுக்கு அவன் என்னடா பர்மிஷன் குடுக்கிறது? நான் அவனுக்கு அண்ணன்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மாமனார் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, விசில் சத்தத்திலேயே காதைத் தொலைத்தவர். பாதிதான் கேட்கும். மீதியை அவராகவே நிரப்பிக்கொள்வார்.

"நாக்-அவுட்டுன்னா ஒரு சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடறேன்," என்றார் ஜெராக்ஸ். "எட்டு டீம்னா அழகா ஜோடி சேரும். ஒன்பதுங்கிறதால ஒரு ஆட்டம் முன்னாடியே வைக்கணும். மத்த ஏழு பேருக்கும் பை குடுக்கணும்."

"பையா?" என்றார் மாமனார். "ஏழு பேருக்கு மட்டும் குடுத்தா மத்த ரெண்டு பேர் சும்மா இருப்பானா? குடுத்தா எல்லாருக்கும் குடு."

"துணிப்பை இல்லப்பா. ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போறதுக்குப் பேரு பை."

"ஆடாம எப்படிடா போவான்? டிக்கெட் வாங்காம ஏறுறதா?"

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டீ போட உள்ளே போய்விடலாம் என்று பார்த்தாள். மூத்தார் விடவில்லை.

"நீ உக்காரும்மா. கிளப்புல பதினாலு பேர். ஏழு பேர் இவன் பக்கம், ஏழு பேர் என் பக்கம். மூணு மீட்டிங் போட்டாச்சு. மூணாவது மீட்டிங்ல நாற்காலி உடைஞ்சுது. கடைசியில எல்லாருமா சேர்ந்து, நெட்டு வீட்டம்மா என்ன சொல்றாங்களோ அதுன்னு விட்டுட்டோம். நீ எது சொன்னாலும் சரி."

"எனக்கு என்ன தெரியும் பெரியத்தான்?"

"உனக்குத் தெரியாதுங்கிறதாலதான் கேக்கறோம்," என்றார் ஜெராக்ஸ். "தெரிஞ்சவன்லாம் ஆளுக்கொரு பக்கம் நிக்கிறான். புதன்கிழமை நோட்டீஸ் அடிக்கணும். அதுக்குள்ள சொன்னா போதும்."

போகும்போது ஜெராக்ஸ் வாசலில் குனிந்து செருப்பைத் தேடுகிறவர் போல அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இது சரியா வரலைன்னா நான் கிளப்பை விட்டு விலகிக்கறேன் தங்கச்சி." மூத்தார் படியேறும்போது, பாதிப் படியில் நின்று திரும்பி, "இது சரியா வரலைன்னா என் ஏழு பேரையும் கூட்டிட்டு வேற கிளப் ஆரம்பிச்சிடுவேன்," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அவள் ஈரத்துணியைக் கூடத்திலேயே விரித்தாள்.

சின்ன விஷயம் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது சின்னதாக இல்லை. கணவன் போன நாளிலிருந்து சிலிண்டர் மாற்றுவதிலிருந்து மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது வரை மூத்தார்தான். ஆம்புலன்ஸில் கூட வந்தவர், சர்டிபிகேட்டுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர், மகளை நர்சிங் காலேஜில் சேர்க்க விண்ணப்பம் எழுதியவர் ஜெராக்ஸ். இந்தப் பக்கம் சாய்ந்தால் மாடிப்படி மூடிக்கொள்ளும். அந்தப் பக்கம் சாய்ந்தால் தெருமுனை மூடிக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. அவளுக்கு அந்த விளையாட்டே பிடிக்காது. கல்யாணமான நாள்முதல் அவள் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அது தின்றிருந்தது. போட்டி இருக்கும் நாளில் ஆறு மணிக்குக் கிளம்பிப் போவான். விளக்கு வைத்த பிறகுதான் வருவான். ஒருமுறை கேட்டாள், ஜெயித்தீர்களா என்று. "காலையிலயே தோத்துட்டோம்," என்றான். "காலையில தோத்துட்டு இந்நேரம் வரைக்கும் அங்க என்ன பண்ணீங்க?" "என்ன பண்ணேன், இருந்தேன்." அன்றைக்கு இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றி அவள் சாப்பிடாமல் படுத்தாள். வேறு எங்காவது யாராவது இருக்கிறார்களோ என்றுகூட ஒரு வருஷம் சந்தேகப்பட்டாள். அப்படி யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் கோபம் போகவில்லை. கோபம் கொஞ்சம் கூடியதுதான் மிச்சம். யாராவது இருந்திருந்தாலாவது காரணம் புரிந்திருக்கும்.

திங்கட்கிழமை கம்பெனியில் பசை டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், பிரஷ்ஷைத் தோய்த்து எடுத்து, ஒரே ஓரத்துக்கு இரண்டு தடவை தடவினாள். பக்கத்தில் பின் அடிக்கிற மெஷினில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். மெஷினைக் காலால் மிதித்தபடியே ஊர்க்கதை முழுவதும் பேசக்கூடியவள். ஒரு பின்னும் கோணலாகப் போகாது.

"என்னக்கா, இன்னிக்குப் பெட்டிக்கு டபுள் கோட்டிங்கா?"

டீ இடைவேளையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். பின்மெஷின்காரி குப்பைக்கூடையிலிருந்து ஒன்பது அட்டைத் துண்டுகளைப் பொறுக்கித் தரையில் பரப்பினாள். இரண்டு பேரும் டீ கிளாஸும் ரொட்டியுமாக அதைச் சுற்றிக் குந்தினார்கள்.

"இப்ப இதுவும் இதுவும் ஆடுது. இது தோத்துடுச்சு. தூக்கிப் போடு." பின்மெஷின்காரி ஒரு துண்டைத் தூக்கிக் கூடையில் போட்டாள். "இப்ப இது, இது. இது போயிடுச்சு."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். துண்டுகள் ஒவ்வொன்றாகக் கூடைக்குப் போயின. கடைசியில் தரையில் ஒன்று மட்டும் கிடந்தது.

"எட்டு ஆட்டம்," என்றாள் அவள். "ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போறாங்க. எட்டு பேர் போனாதான் ஒருத்தர் மிஞ்சுவாங்க. அப்ப எட்டுதான். இதுக்கு ஒரு கணக்கே வேண்டாம்."

"பாத்தியா, உனக்குத் தெரியுது. இப்ப லீக்கு." பின்மெஷின்காரி கூடையிலிருந்து துண்டுகளைத் திரும்பவும் எடுத்தாள். "இது எல்லார்கூடவும் எட்டு. அடுத்தது... ஏற்கெனவே இதுகூட ஆடிட்டதால ஏழு. அடுத்தது ஆறு..." விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனவள் இரண்டு கையும் போதாமல் அவள் விரலையும் பிடித்துக்கொண்டாள். "முப்பத்தாறு. அம்மாடி. முப்பத்தாறு ஆட்டத்தை ரெண்டு நாள்ல எங்க ஆடுவானுங்க?"

"அப்ப நாக்-அவுட்டா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த முதல் துண்டு பாவம்க்கா. எதுக்கு வந்துச்சுன்னே தெரியாம கூடைக்குப் போயிடுச்சு." கொஞ்சம் யோசித்தாள். "என் வீட்டுக்காரரு மாதிரி ஆளா இருந்தா கூடைக்குப் போறதே நல்லது. உன் வீட்டுக்காரர் எப்படி?"

"எனக்குத் தெரியலையே," என்றாள் அவள். அதைச் சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் மகள் போனில் பேசினாள். அம்மாவுக்கு உதவலாம் என்று எதையோ தேடிப் படித்திருந்தாள். "டபுள் எலிமினேஷன்னு ஒண்ணு இருக்கும்மா. ரெண்டு தடவை தோத்தாதான் வெளிய. முதல் தடவை தோத்தவங்களுக்குக் கீழ தனியா ஒரு வரிசை ஓடும்." அவள் போனைக் காதிலிருந்து எடுத்து மாமனார் பக்கம் நீட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "ரெண்டு தடவை தோக்கிறதுக்கு எதுக்கும்மா ஒரு போட்டி? அதுக்கு வீட்லயே இருக்கலாம்," என்று பேத்திக்குப் பதில் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை மழை கொட்டியது. கம்பெனி வழியாகத்தான் வேன் போகும் என்பதால் மூத்தார் அவளை ஏற்றிக்கொண்டார். குழந்தைகளை ஏற்ற இன்னும் நேரமிருந்தது. முதல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினை அணைத்தார். வேனுக்குள் ஈர ரப்பர் வாசனையும் யாரோ விட்டுப்போன பென்சில் டப்பாவும். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அவர் விரலால் அதில் எட்டு, ஏழு, ஆறு, ஐந்து என்று எழுதிக்கொண்டே போனார்.

"முப்பத்தாறு," என்றாள் அவள் அவர் முடிப்பதற்குள்.

மூத்தார் திரும்பிப் பார்த்தார். "உனக்கு யார் சொன்னது? அந்த ஜெராக்ஸா?"

"நானே எண்ணினேன்."

அவர் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தார். "நேத்து ராத்திரிதான் நான் எண்ணினேன். எண்ணாமலே மூணு மீட்டிங்ல கத்தியிருக்கேன் பாரு." முழங்காலை நீட்டி அமுக்கிவிட்டுக்கொண்டார். "லீக்குன்னா நம்ம டீம் எட்டு ஆட்டம் ஆடணும். நானும் ஆடறேன்னு பேர் குடுத்திருக்கேன். இந்த முட்டி ரெண்டு ஆட்டத்துக்கே தாங்காது. அவன் பேர்ல ஒரு ஆட்டம் ஆடிட்டா எனக்குப் போதும்மா. தோத்தாலும் போதும். நாக்-அவுட்டே இருக்கட்டும்."

"அதை அவர்கிட்டயே சொல்லிடுங்களேன்."

"நானா? ஏழு பேரை என் பின்னாடி நிக்க வச்சுட்டு இப்ப நான் போய்ச் சொல்றதா? நீ சொல்லு. உனக்கே தோணின மாதிரி சொல்லு. நான் வேணா அரை மனசா ஒத்துக்கிற மாதிரி ஒத்துக்கறேன்."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கழுத்தில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல. கம்பெனி வாசலில் இறங்கும்போது கேட்டாள்: "பெரியத்தான், அவர் காலையில தோத்துட்டு சாயங்காலம் வரைக்கும் அங்க என்னதான் பண்ணுவாரு?"

மூத்தார் யோசித்தார். வைப்பர் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. "என்ன பண்ணுவான்னா... இருப்பான். யாராவது ஆடிட்டிருப்பாங்க. பாத்துட்டிருப்பான்," என்றார்.

அந்த அப்பாடா சாயங்காலம் வரைதான் நீடித்தது. வேலை முடிந்து திரும்பும்போது ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அவர் மெஷின் மூடியைத் தூக்கி நோட்டீஸின் மாதிரியை எடுத்துக் காட்டினார். தேதி, இடம், நெட்டுவின் படம். 'போட்டி முறை' என்று எழுதி எதிரில் புள்ளி புள்ளியாக விட்டிருந்தார். படத்தில் அவன் ஏதோ ஆட்டத்துக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான். அவள் சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"தங்கச்சி, லீக்கே வச்சிடலாம்."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லலை. நான் யார்கிட்டயும் சொல்லலை." மெஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தார், திரும்பப் போட்டார். "அவன் போனது புதன்கிழமை. அதுக்கு முந்தின சனிக்கிழமை இதே இடத்துல நின்னு எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. இதே விஷயம்தான். வருஷாவருஷம் நடத்தற போட்டியை லீக்கா மாத்தலாம்னான். வர்ற டீம் எல்லாம் கூட ரெண்டு ஆட்டம் ஆடிட்டுப் போகட்டுமேன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? முதல் ஆட்டத்துலயே தோக்கிறவனுக்குத்தான் இந்த யோசனை வரும்னு சொன்னேன். சிரிச்சான். சிரிச்சிட்டுப் போயிட்டான். நாலு நாள் நான் பேசலை. அப்புறம்..."

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்தது. அவர் அதற்கு இரண்டு பக்கம் நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

"அப்புறம் எதுக்கு அண்ணே ஞாயித்துக்கிழமை வந்து நாக்-அவுட்னு அந்தக் கத்து கத்தினீங்க?"

"தெரியலை. அவன் அண்ணன், லீக்குதான் அவன் ஆசைன்னு சொன்னதும் எனக்கு வெறி வந்துடுச்சு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிருந்தேன். முப்பத்தாறு ஆட்டம், தெரியும். கிரவுண்டை இன்னும் ரெண்டு நாள் கேட்டு வாங்கி, நாலு ஞாயித்துக்கிழமை போட்டு முடிச்சிடறேன். வர்ற டீம் வரட்டும், வராதது போகட்டும். ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதே. நீயே கேக்கிற மாதிரி கேளு."

நாலு ஞாயிற்றுக்கிழமை. அவள் வீடு வந்து சேரும்வரை அந்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளையே நினைத்துக்கொண்டு நடந்தாள். கணவன் லீக் கேட்டானாம். அவன் ஆசை என்று ஒன்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அதைச் செய்வதுதானே முறை. ஆனால் அவன் கேட்டது இன்னும் கூடுதல் ஞாயிற்றுக்கிழமைகளை அல்லவா? ஒன்பது டீம், டீமுக்குப் பன்னிரண்டு பேர், நூற்றெட்டு வீடு. நூற்றெட்டு வீட்டிலும் ஒருத்தி கொடியில் துணியைப் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். செத்தவன் ஆசைக்காக அவர்களை எல்லாம் காக்க வைப்பதா? காக்க வைத்தது தவறு என்று செத்தவனிடம் இப்போது சண்டை போடுவதா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டாவது தடவையும் போட்டாள். மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீரை ஊற்றிக் கலந்து சாப்பிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். வெளியே கிளப் ஆட்கள் ஆறேழு பேர் பைக்கில் சாய்ந்தபடி நின்றார்கள். மூத்தார் தொண்டையைச் செருமினார்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன். செயலாளர்னு ஒருத்தனை வச்சுட்டு அவன் சொல்றதை மதிக்கலைன்னா நல்லா இருக்காது. நாக்-அவுட்டே போகட்டும்."

ஜெராக்ஸ் முகம் மாறியது. "அதெப்படி? மூணு மீட்டிங்ல லீக்குன்னு கத்தினீங்களே. கூடப் பிறந்தவர் ஆசைப்பட்டா லீக்குதான் நடக்கணும். நான் ஒத்துக்கறேன்."

"நீ ஒத்துக்க வேண்டாம். நான்தான் உனக்கு ஒத்துக்கறேன்."

"எனக்காக நீங்க ஒண்ணும் விட்டுக்குடுக்க வேண்டாம்."

"உனக்காக யாருடா விட்டுக்குடுத்தது? முப்பத்தாறு ஆட்டம் எவன் ஆடறது? ஒரு செயலாளருக்கு எண்ணத் தெரியாதா?"

"எனக்கா எண்ணத் தெரியாது? முதல் நாள்லேர்ந்து முப்பத்தாறு முப்பத்தாறுன்னு சொன்னது யாரு?"

குரல்கள் ஏறின. ஞாயிற்றுக்கிழமை போட்ட அதே சண்டை, அதே சத்தம். ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள். வெளியே நின்றவர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் ஒருவர் மாற்றி ஒருவர் வாயைப் பார்த்துவிட்டு, "இப்ப யாரு எந்தப் பஸ்ல போறான்?" என்று மருமகளைக் கேட்டார்.

"அண்ணே, போதும்," என்றாள் அவள். "பெரியத்தான், நீங்களும் நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்:

"நாக்-அவுட் வைங்க. ஒரே நாள்ல முடிங்க. தோத்தவங்க வீட்டுக்குப் போகட்டும். அவங்க வீட்ல ஆள் இருக்காங்க."

ஜெராக்ஸ் ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டார். மூத்தார், தான் கேட்டதே கிடைத்தும், தரையைப் பார்த்தார். அவர்கள் போன பிறகு அவள் அழுதாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. கணவன் ஆசையை மீறியதற்கா, இருபத்தோரு வருஷக் கோபத்தைப் போயும் போயும் ஒரு நோட்டீஸில் காட்டியதற்கா, தெரியவில்லை.

போட்டி அன்று மழை இல்லை. வெயிலும் இல்லை. ஈர மண்ணில் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டு, ஒரு மரத்தடியில் மேஜையும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். அவள் ஏழு மணிக்குப் போய், ஆரம்பித்து வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, சாயங்காலம் கோப்பை கொடுக்க மட்டும் வருவதாக ஏற்பாடு. சீட்டுக் குலுக்கியதில் முன்னாடி ஆட வேண்டிய அந்த ஓர் ஆட்டம் கிளப் டீமுக்கே விழுந்தது. எட்டு மணிக்கு ஆரம்பித்தது. மூத்தார் முட்டியில் துணியை இறுக்கக் கட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று பந்து எடுத்தார், ஒரு தடவை விழுந்தார், ஒரே ஒரு பந்தை வலைக்கு மேலே எகிறி அடித்து எதிராளியின் கால் நடுவில் இறக்கினார். எட்டே முக்காலுக்குத் தோற்றுவிட்டார்கள்.

ஜெராக்ஸ் மைக்கில் சொன்னார்: "வெளியேறும் அணிக்கு நன்றி. போட்டி முறைப்படி அவர்கள் வீட்டுக்குச் செல்லலாம்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

வெளியேறியவர்கள் உடை மாற்றினார்கள். தண்ணீர் குடித்தார்கள். பையைத் தோளில் மாட்டினார்கள். பிறகு கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் தோற்றவர்கள் தூரத்து ஊர்க்காரர்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் கேப்டனிடம் அவள் போய்க் கேட்டாள்.

"பத்து மணிக்கு பஸ் இருக்காமே. போகலையா தம்பி?"

"போறோம்க்கா. இந்த ஆட்டம் மட்டும் பாத்துட்டு."

அந்த ஆட்டம் முடிந்தது. அவர்கள் போகவில்லை. பதினொன்றரைக்கு இன்னொரு டீம் வெளியே வந்தது. மரத்துக்குப் பின்னால், காலியாகக் கிடந்த இடத்தில், யாரோ ஒரு கயிற்றை எடுத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டினார்கள். உபரிப் பந்து ஒன்று மேஜைக்கு அடியிலிருந்து காணாமல் போனது. கோடு இல்லை, அம்பயர் இல்லை. சூளைக்காரர்கள் நாலு பேர், கிளப் ஆட்கள் மூன்று பேர், மருந்துக்கடை டீம் இரண்டு பேர் என்று கலந்துகட்டி நின்று ஆடத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் ஆள் அதிகமானால் அடுத்த பக்கம் போனார்கள். மூத்தார் காலை நீட்டிக் கல்லில் உட்கார்ந்து, பந்து தன் பக்கம் வந்தால் மட்டும் உட்கார்ந்தபடியே தட்டிவிட்டார்.

வீட்டுக்குப் போய் மாமனாருக்குச் சோறு போட வேண்டும் என்று அவள் எழுந்தாள். ஒரு பந்து அவள் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தாள். அது நேராகப் போகாமல் பக்கவாட்டில் போயிற்று. "பரவாயில்லக்கா, நெட்டு அண்ணன் சர்வீஸுக்கு இது தேவலாம்," என்று சூளைக் கேப்டன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். மாடிக்குப் போன் போட்டு, மாமனாருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கும்படி மூத்தார் மனைவியிடம் சொன்னாள். ஏன், அங்க இன்னும் என்ன வேலை என்று அந்த அக்கா கேட்டதற்கு, பந்தைப் பார்த்துக்கொண்டே, இதோ வந்துடறேன் என்றாள்.

மூன்று மணிக்கு ஜெராக்ஸ் ஓடி வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"தங்கச்சி, அங்க செமி பைனல் நடக்குது, பாக்க ஆளில்லை. எல்லாம் இங்க வந்து நிக்குது. இது போட்டியிலயே சேராத ஆட்டம். எத்தனை ஆச்சுன்னு யாராவது எழுதறாங்களா? யாரு யாரோட ஆடறான்னே புரியலை. நிறுத்தச் சொல்லட்டுமா?"

"நான் வீட்டுக்குப் போங்கன்னுதானே அண்ணே சொன்னேன்?" என்றாள் அவள். குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "யாருமே போகலையே."

ஜெராக்ஸ் கயிற்றுப் பக்கம் பார்த்தார். விசிலைக் கழற்றி அவள் மேஜையில் வைத்தார். "பைனலுக்கு வேற ஆள் ஊதட்டும்," என்று சொல்லிவிட்டு பேன்டை மடித்துக்கொண்டு போய், மூத்தார் உட்கார்ந்திருந்த பக்கமே நின்றுகொண்டார். முதல் பந்தையே தவறவிட்டார். "செயலாளரே, உனக்கு எண்ணத்தான் தெரியும்," என்றார் மூத்தார்.

பைனல் ஐந்தரைக்கு முடிந்தது. அவள் கோப்பையைக் கொடுத்தாள். ஜெயித்தவர்கள் கூச்சலோடு வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று முதல் ஆளாக வேன் ஏறிப் போய்விட்டார்கள். தோற்ற எட்டு டீம்களில் போன டீம் ஒன்றுகூட இல்லை. கயிறு தொய்ந்து இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. அதை இழுத்துக் கட்டக்கூட யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

அவள் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கோபமாக இருந்தது. கோபமாக இல்லாதது போலவும் இருந்தது. நூற்றெட்டு வீடுகளை நினைத்தாள். மாமனார் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆட்கள் நிழலாகிக்கொண்டே வந்தார்கள். சற்று நேரத்தில் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. கையில் பட்டு எழும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

மூத்தார் காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருட்டிடுச்சு. போலாமாம்மா?"

"போலாம் பெரியத்தான்," என்றாள்.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.